மாரியம்மாக்கா வீட்டு சோபா

எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாக மொத்தம் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து உருப்படியான சோபா ஒன்றுதான் உண்டு. அது மாரியம்மாக்காவுடையது. கருஞ்சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் தங்க நிறக் குமிழ். கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவர் இன்றுவரை கழற்றவில்லை. லயத்தில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அந்தச் சோபா அந்த வீட்டுக்குப் போய்விடும். கூடவே சீனி அண்ணன் வீட்டுப் பெரிய டிவியும் போகும். இருளாயி அக்காவின் சிவப்புக்கல் பதக்கம் வைத்த சங்கிலி பெண்ணின் அம்மா கழுத்தில் ஏறும். காரியம் முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் லயத்தில் கட்டிக்கொடுத்த ஏழு பெண்களையும் அந்தச் சோபாவில் உட்கார்ந்த மாப்பிள்ளைகள்தான் கட்டிக்கொண்டு போனார்கள். ஏழு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ராசியான சோபா என் மகளுடைய ஆபரேசனைக் கெடுக்கப் பார்த்தது. அதைச் சோபாவின் தலையில் போடுவது நியாயமில்லை. தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான்.

என் பெயர் கலாதேவி. ஈப்போவில் தம்புன் ரோட்டில் ஒரு பம்ளிமாஸ் கடையில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தனேஸ்வரன் லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது தஞ்சோங் ரம்புத்தானுக்கு உள்ளே, ஆறாங்கட்டைத் தோட்டம். பேருக்குத்தான் தோட்டம். பால்மரம் ஒன்றுகூடக் கிடையாது, சுற்றிலும் செம்பனை. தோட்டம் கைமாறிக் கைமாறி, இப்போது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை, அதனால் இருக்கிறோம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, தினேஸ்வரி. பதின்மூன்று வயது. பள்ளி நெட்பால் குழுவில் இருந்தாள். போன வருடம் அவளுடைய பள்ளிச் சீருடை, பாஜு கூரோங்கின் நீளப் பாவாடை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. இடது பக்கம் தரையைத் தொடும், வலது பக்கம் கணுக்காலுக்கு மேலே நிற்கும். தையல்காரி தப்பாக வெட்டிவிட்டாள் என்று சிம்மோர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவள் இரண்டு முறை பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை போனபோது அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, துணியில் ஒன்றுமில்லை அக்கா, பிள்ளையின் முதுகைப் பாருங்கள் என்றாள். பெற்றவள் நான் பார்க்காததைத் தையல்காரி பார்த்துச் சொன்னாள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பு நேராக இறங்காமல் பாம்பு போல வளைந்திருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். வளைவு வேகமாகக் கூடுகிறது, நுரையீரலை அழுத்த ஆரம்பித்தால் பிள்ளைக்கு மூச்சு விடுவதே பாடாகிவிடும், அதற்கு முன்னால் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். முதுகுக்குள் இரண்டு கம்பி வைத்துப் பதினெட்டு ஸ்க்ரூ முடுக்குவார்களாம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் அறுவை சிகிச்சைக்குப் பெரிய செலவில்லை. ஆனால் கம்பியும் ஸ்க்ரூவும் நாங்கள்தான் வாங்கித் தர வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் தனேஸ்வரன் டாக்டரை மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே விலைதான் வந்தது.

முடியாதவர்களுக்கு அரசாங்க நிதி இருக்கிறது, சமூக நலப் பிரிவில் விண்ணப்பப் போராங் வாங்கி நிரப்பிக் கொடுங்கள், அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள். ஆபரேசனுக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குள் நிதி கிடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். தினேஸ்வரியின் முதுகு வரிசைக்காகக் காத்திருக்காது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வருவதாகப் போனில் சொன்னார்கள். வீடு பார்க்க என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குக் கை கால் பரபரத்துவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாதம் ஒருமுறை தோட்டத்துத் துரை லயத்துக்கு வீடு பார்க்க வருவார். பின்னாலேயே மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரெசர் வருவார், அவருக்கும் பின்னால் தோட்ட ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார். வாசலில் குப்பை கிடந்தாலும், அடுப்படியில் ஒட்டடை தொங்கினாலும் பெயர் நோட்டில் ஏறிவிடும், பிறகு ஆபீஸில் போய்த் திட்டு வாங்க வேண்டும். பளிச்சென்று இருக்கிற வீட்டுக்கு ஒரு டின் பிஸ்கட் கிடைக்கும். என் அம்மா அந்த டின்னை நான்கு முறை வாங்கியவர். அதில்தான் இன்றும் நான் மிளகாய்த்தூள் வைத்திருக்கிறேன். அதிகாரி வீடு பார்க்க வந்தால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லயத்தில் மற்றவர்களும் இதே மண்ணில் வளர்ந்தவர்கள்தானே. விஷயத்தைச் சொன்னதும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலமே சோபா கிளம்பிவிட்டது. சீனி அண்ணனும் பக்கத்து வீட்டு ராமையாவும் முன்னும் பின்னும் பிடிக்க, மாரியம்மாக்கா நடுவில் நடந்து, தூணில் இடிக்காதே, படியில் உரசாதே என்று வழி நெடுக அதட்டிக்கொண்டே வந்தார். அடுத்து டிவி வந்தது. ஸ்டாண்டு பேன் வந்தது, ரோஜாப்பூப் போட்ட கண்ணாடிக் கோப்பைகள் வந்தன. வியாழக்கிழமை காலையில் இருளாயி அக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, பதக்கம் தெரிகிற மாதிரி சேலையைச் சரிசெய்துவிட்டார்.

தனேஸ்வரன் ஒருவர்தான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"கலா, நாம உதவி கேக்கிறோம்லா. உள்ளதை உள்ளபடி காட்டினா போதாதா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆபரேசன் முடிஞ்ச பிள்ளைய அழுக்கு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க" என்றேன்.

கல்யாணமான பதினைந்து வருடத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறார். தினேஸ்வரி சோபாவில் ஏறி உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறை கிரீச்சிட, தன்னைப் பெண் பார்க்க வருகிறார்களா, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டுச் சிரித்தாள். எழுந்திரு, கசங்கிவிடும் என்று அவளை விரட்டினேன்.

சரியாகப் பத்து மணிக்கு ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பது வயதிருக்கும். பருத்தி பாஜு, தோளில் ஒரு பை, சட்டையில் பெயர் அட்டை. சுவர்ணா துரைசிங்கம் என்று படித்ததுமே சிலோன்காரக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெரிய கிராணியும் சிலோன்காரர்தான். கையில் போராங் அட்டையோடு இந்தப் பெண் படியேறியபோது, நோட்டுப் புத்தகம்தான் திரும்பி வந்துவிட்டதோ என்று எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

சுவர்ணா சோபாவில் உட்கார்ந்தார். விருந்தாளிக்குப் போட்ட சோபாவில் நாங்கள் உட்காருவது முறையில்லை என்று மூன்று பேரும் நின்றோம். இடியப்பமும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்தேன். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று சொல்லி, சிரப் தண்ணீர் மட்டும் ஒரு வாய் குடித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சோபா உங்களுடையதா என்றார். எங்களுடையதுதான் மேடம் என்றேன். டிவி? அதுவும்தான். சங்கிலி? கல்யாணத்துக்குப் போட்டது என்று பதக்கத்தை நீவிவிட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் பேனா ஓடியது. அது ஓட ஓட எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிஸ்கட் டின் நம் வீட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். தனேஸ்வரன் கூரைத் தகரத்தில் இருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சுவர்ணா பேனாவை மூடினார். தினேஸ்வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நேரா சொல்லிடுறேன். இந்த நிதி, கம்பி வாங்க வழியே இல்லாதவங்களுக்கு. நான் எழுதினதைப் பார்த்தா கமிட்டி உங்களையே வாங்கச் சொல்லும். நீங்க அப்பீல் பண்ணலாம், ஆனா ஆறு மாசம் ஆகும். விளங்குதா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. என் மகளின் முதுகில் நானே என் வாயால் மூட்டை மூட்டையாகச் சாமான் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று விளங்கியது. அவமானமா பிள்ளையா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை.

"மேடம், அந்தச் சோபா எங்களோடது இல்ல" என்றேன். "டிவியும் இல்ல. இந்தச் சங்கிலியும் இல்ல. நீங்க வாரீங்கன்னு எல்லாம் கேட்டு வாங்கி வச்சேன். நான் சொன்னது பூரா பொய்."

சுவர்ணாவின் முகத்தில் இருந்த கனிவு கொஞ்சம் குறைந்தது. அவர் கோபப்படவில்லை, களைத்துப்போனவர் போலத்தான் தெரிந்தார். தான் போகிற பத்து வீட்டில் ஒன்பது வீட்டில், சாமானை எழுதி முடித்ததும் இது பக்கத்து வீட்டுக்காரருடையது என்றுதான் சொல்கிறார்கள் என்றார். வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு போராங்கில் எழுதினதை அடிக்க முடியாது என்றார்.

இது எப்படி இருக்கிறது பாருங்கள். பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அத்தாட்சி கேட்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே லயமே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மாரியம்மாக்கா உள்ளே நுழைந்து, அது என் சோபா என்றார். நீங்கள் இவர்களுக்கு வேண்டியவர்தானே, அப்படித்தான் சொல்வீர்கள் என்பது போல சுவர்ணா மெல்லச் சிரித்தார். நாற்பது வருடம் பால் வெட்டிய பொம்பளையைப் பொய்க்காரி என்று யாரும் நினைத்துவிட முடியாது. அக்கா சுவர்ணாவின் கையைப் பிடித்து, வா என் வீட்டுக்கு என்று எழுப்பினார். நானும் கூடவே ஓடினேன்.

மாரியம்மாக்கா வீட்டு நடுவில் பூப்போட்ட ரப்பர் பாய் விரித்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருக்க, சுவரோரம் நீளமாக ஒரு கட்டம் மட்டும் புதுப் பாய் போலப் பளிச்சென்று இருந்தது. அதன் நான்கு மூலையிலும் நான்கு குழி. சுவர்ணா குனிந்து ஒரு குழியில் விரலை வைத்துப் பார்த்தார். அதற்குள் ராமையாவும் சீனி அண்ணனும் யாரும் சொல்லாமலேயே சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இறக்கினார்கள். நான்கு காலும் நான்கு குழியில் போய் உட்கார்ந்தன.

சுவர்ணா போராங்கில் சோபாவை அடித்தார்.

அடுத்து சீனி அண்ணன் வீடு. அங்கே சுவரில் டிவி மாட்டும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது, கீழே வயர்கள் தொங்கின, அவருடைய மாமியார் பழக்க தோஷத்தில் வெறும் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிவி எப்போது வரும் என்று சுவர்ணாவிடமே கேட்டார். டிவியும் அடிபட்டது. இருளாயி அக்கா வீட்டில் அவருடைய கல்யாணப் படம் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் கழுத்தில் அந்தப் பதக்கம் தெளிவாகத் தெரிந்தது. நான் சங்கிலியைக் கழற்றிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். மூன்றாவது கோடும் விழுந்தது. ஒவ்வொரு வீட்டிலும் குடிக்க ஒன்று கொடுத்தார்கள். வேலை நேரம் என்று சொல்லிப் பார்த்தும் ஒருவரும் விடவில்லை, சுவர்ணா ஒரு மைலோவும் பால் போடாத இரண்டு தே ஓவும் குடித்தார். ஸ்டாண்டு பேனைப் பற்றி யாரோ ஆரம்பித்ததும், போதும், நம்பிவிட்டேன், எனக்கு வயிற்றில் இடமில்லை என்றார்.

திரும்பி வந்தபோது தனேஸ்வரன் வீட்டைப் பழையபடி ஆக்கியிருந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டி வைத்த பாய், பழைய பேசின், துணி காயப்போடும் கயிறு. ஒரு நாற்காலியின் உடைந்த காலை அவர் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார், அதுவும் தெரிந்தது. எனக்கு முகம் சுட்டது. சுவர்ணா நல்ல நாற்காலியை விட்டுவிட்டு அந்தக் கம்பி கட்டியதில் உட்கார்ந்து, ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

துரை வந்ததையும், டிரெசர் வந்ததையும், நோட்டுப் புத்தகத்தையும் சொன்னேன். மிளகாய்த்தூள் டின்னை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. மிளகாய் நெடியில் தும்மலும் சேர்ந்துகொண்டது.

"எங்க தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் கிராணியா இருந்தவர்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த நோட்டை அவரும் தூக்கியிருப்பார். ஆனா அக்கா, நான் டின் கொடுக்க வரல்ல. யாருக்கு இல்லையோ அவங்களுக்குக் கொடுக்க வந்தேன்."

போராங்கில் அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டதால் பையிலிருந்து புதியது ஒன்று எடுத்து முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் தனேஸ்வரன் பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வீட்டைப் படம் எடுத்தபோது ஸ்டாண்டு பேன் இன்னும் மூலையில் நின்றதைப் பார்த்து, அதை வெளியே கொண்டுபோகச் சொன்னார். ராமையா பேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகும்போது சுவர்ணா இடியப்பத்தைக் கட்டித் தரச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மேல் அவருக்குச் சாப்பாட்டு நேரமாம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மலாயில் இருந்தது. தினேஸ்வரிதான் படித்தாள். முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசிக் கையெழுத்து வரைக்கும் படிக்கச் சொன்னேன். தனேஸ்வரன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் அன்றைக்கே சொன்னேனே என்ற அந்த வார்த்தையைச் சொல்லாமல் வெளியே போனார். அதற்காகவே அந்த மனிதரை எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆபரேசன் அன்றைக்கு ஏழு மணி நேரம் நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான். அவளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கால் விரலை அசைத்துக் காட்டினாள். நானும் தனேஸ்வரனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதோம்.

வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளை வசதியாக உட்காரட்டும் என்று மாரியம்மாக்கா யாரும் கேட்காமலேயே சோபாவை அனுப்பி வைத்தார். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றியிருந்தார். ஆனால் டாக்டர் மெத்தென்ற எதிலும் உட்காரக் கூடாது, நேரான நாற்காலிதான் என்று சொல்லியிருந்தார். சோபா வந்த வழியே போனது. தனேஸ்வரன் பிளாஸ்டிக் நாற்காலிக்கு இன்னும் இரண்டு சுற்று கம்பி கட்டினார்.

ஆறு மாதம் கழித்து, நிதி கிடைத்த பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க சுவர்ணா மறுபடியும் வருவதாகச் சொன்னார். நான் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. கயிற்றில் துணிகூட அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தது தினேஸ்வரி. முதுகு தெரியாமல் இருக்க இத்தனை நாள் தொளதொளவென்று பாஜு கூரோங் போட்டவள், இப்போது இடுப்பில் பட்டை இறுக்கிய பள்ளியின் நீலப் பினபோர் கவுன் போட்டிருந்தாள். ஏறக்குறைய இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாள். சுவர்ணா அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, கம்பி கட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பையிலிருந்து போராங்கை எடுத்தார்.

"போன தடவைக்குப் பிறகு வீட்டுக்குப் புதுசா ஏதும் சாமான் வந்துச்சா அக்கா?"

"வந்திருக்கு மேடம், எழுதிக்குங்க" என்றேன். "கம்பி ரெண்டு. ஸ்க்ரூ பதினெட்டு."

"எங்க இருக்கு?"

"அதோ, கதவுகிட்ட நிக்கிது."

தினேஸ்வரி வேண்டுமென்றே தோளை விரித்து இன்னும் நேராக நின்று காட்டினாள்.

"மத்ததெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டோம்" என்றேன். "இதைத் திருப்பித் தர வேண்டியதில்லதானே?"

வேண்டியதில்லை அக்கா என்று சொல்லிவிட்டு, சுவர்ணா பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.